பூம் இடது கைக்குப் போன வண்டி

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், உன் நலம் அறிய ஆவல். நீ அன்றைக்குப் போனில் அரையும் குறையுமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். "புதுக் கம்பெனியில ஜான் டீர் எக்ஸ்கவேட்டர் குடுத்திருக்காங்கப்பா. பூமைத் தூக்கலாம்னு இழுத்தா ஆர்ம் உள்ள வருது, கையே குழம்புது" என்றாய். (பூம் என்றால் கேபினோடு சேர்ந்த பெரிய கை, ஆர்ம் என்றால் அதன் நுனியில் பக்கெட்டைப் பிடித்திருக்கிற சின்னக் கை.) ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் உன் அம்மாவும் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து, "அந்த வண்டியைத் தொட வேண்டாம்னு சொல்லுங்க" என்று ஒரே பாட்டு. தொடாதே என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அதனால்தான் பேனா எடுத்தேன். இதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொல்லி உன் தங்கையிடம் கொடுக்கிறேன். கையெழுத்து புரியாவிட்டால் அவளைக் கேள்.

வண்டி கெட்டுப்போகவில்லை, உன் கையும் கெட்டுப்போகவில்லை. நீ நம்ம டாடா ஹிட்டாச்சியில் பழகியவன். அதில் இடது கை லீவரைத் தள்ளினால் ஆர்ம் வெளியே போகும், இழுத்தால் உள்ளே வரும், பக்கவாட்டில் அசைத்தால் ஸ்விங், அதாவது வண்டியின் மேல்பாகம் சுற்றும். வலது கை லீவரை இழுத்தால் பூம் ஏறும், தள்ளினால் இறங்கும், இடப்பக்கம் சாய்த்தால் பக்கெட் மடங்கும், வலப்பக்கம் சாய்த்தால் கொட்டும். இதற்கு ஐஎஸ்ஓ முறை என்று பெயர், கேட்டர்பில்லர் கம்பெனி பெயரால் கேட் முறை என்றும் சொல்வார்கள். உன் கையில் இப்போது கொடுத்திருப்பது எஸ்ஏஇ முறை. பேக்ஹோ முறை, டீர் முறை என்றெல்லாம் சொல்வதும் அதைத்தான். அதில் பூம் இடது கைக்குப் போய்விடும், ஆர்ம் வலது கைக்கு வந்துவிடும். ஸ்விங் பழையபடி இடது கையில், பக்கெட் பழையபடி வலது கையில். இழுத்தால் பூம் ஏறுவதும் தள்ளினால் இறங்குவதும்கூட மாறவில்லை. வேலை செய்கிற கை மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஏன் இப்படி இரண்டு வைத்தார்கள் என்று கேட்டாய். அமெரிக்காவில் டிராக்டருக்குப் பின்னால் தோண்டும் கையை மாட்டி (அதுதான் பேக்ஹோ) ஓட்டிய ஆட்கள் பூமை இடது கையில் வைத்துப் பழகிவிட்டார்கள். செயின் வண்டிக்கு, அதாவது எக்ஸ்கவேட்டருக்கு, வந்தபோதும் அதே பழக்கத்தைக் கேட்டார்கள், கம்பெனிகளும் கொடுத்தன. ஜப்பானில் இதைவிடக் கூத்து. ஒரு காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு முறை வைத்திருந்தது. நம்ம பக்கத்தில் இந்தத் தொல்லை பெரிதாகத் தெரியவில்லை என்றால் அதற்குக் காரணம் உண்டு. 1979இல் ஜேசிபி இந்தியாவுக்கு வந்த பிறகு சின்ன வேலை எல்லாம் மெல்ல அதன் கைக்குப் போனது, பெரிய வேலைக்குச் செயின் வண்டி. ஜேசிபியில் சீட்டைத் திருப்பிப் பின்னால் பார்த்து உட்கார்ந்ததுமே இது வேறு வண்டி என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். கையும் அதற்கென்று தனியாகப் பழகிக்கொள்ளும். (அந்த ஜேசிபியிலேயே லீவரைக் கூட்டல் குறி மாதிரி நேராக அசைப்பதும் உண்டு, பெருக்கல் குறி மாதிரி மூலைவாட்டில் அசைப்பதும் உண்டு. அதை இப்போது உன் தலையில் ஏற்ற வேண்டாம்.) உனக்கு வந்திருப்பது அப்படி இல்லை. அதே சீட்டு, அதே கண்ணாடி, அதே இரண்டு ஜாய்ஸ்டிக். ஏறி உட்கார்ந்தால் நம்ம வண்டி மாதிரியே இருக்கும்.

அதுதான் இதில் வில்லங்கம். எல்லாமே தலைகீழாக இருந்தால் நாள் முழுக்க நீ உஷாராக இருப்பாய். இதில் பாதி சரியாக இருக்கிறது. ஸ்விங் சொன்னபடி கேட்கிறது, பக்கெட் சொன்னபடி கேட்கிறது. கை அதை நம்பிவிடும். உன் பெரிய மாமா பழைய புல்லட்டை விற்றுவிட்டு ஸ்ப்ளெண்டர் வாங்கியது ஞாபகம் இருக்கிறதா? அந்தப் புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஸ்ப்ளெண்டரில் அது மாறிவிட்டது. காலி ரோட்டில் அவர் அருமையாகத்தான் ஓட்டினார். சந்தைப்பேட்டை திருப்பத்தில் நாய் குறுக்கே வந்தபோது இடது காலை ஓங்கி மிதித்தார், பிரேக்குக்குப் பதில் கியர் விழுந்தது. நாய் பிழைத்தது, மாமாவுக்கு முழங்கை பெயர்ந்தது. யோசிக்க நேரம் இருக்கிற வரைக்கும் புதுப் பழக்கம் நிற்கும். பதறினால் பழையதுதான் வரும்.

உன் வண்டியில் அது எப்படி வரும் என்று பார். பள்ளத்துக்குள் பைப் மூட்டுகிற ஆள் நிற்கிறான், மேலே இருந்து யாரோ கத்துகிறார்கள். உன் கை என்ன செய்யும்? வலது லீவரை இழுத்துப் பூமைத் தூக்கப் பார்க்கும். அந்த வண்டியில் வலது லீவரை இழுத்தால் ஆர்ம் உள்ளே வரும். பக்கெட்டின் பல் பள்ளத்தின் அடியைக் கீறிக்கொண்டு உன் பக்கமாக வரும். நடுவில் அந்த ஆள் இருந்தால் அவ்வளவுதான். இதையே மாற்றி யோசி. தலைக்கு மேலே கரன்ட் கம்பி போகிறது, நீ ஆர்மை உள்ளே இழுக்கலாம் என்று இடது லீவரை இழுக்கிறாய். ஏறுவது பூம்.

அதனால் ஒன்றே ஒன்றைக் கைக்குச் சொல்லிக்கொடு. பயம் வந்தால் வண்டியைக் காப்பாற்றப் பார்க்காதே, இரண்டு லீவரையும் விட்டுவிடு. எந்த முறையாக இருந்தாலும் கையை எடுத்தால் ஸ்பிரிங் லீவரை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும், பூமும் ஆர்மும் நின்ற இடத்தில் நிற்கும். அடுத்த நொடி பக்கத்தில் இருக்கிற சிவப்பு லாக் லீவரைப் போடு. எந்த முறை வண்டியிலும் இது ஒரே மாதிரிதான். காலி இடத்தில் வண்டியை நிறுத்தி, வேலை செய்துகொண்டிருக்கும்போதே யாரையாவது கத்தச் சொல், கையை விட்டுப் பழகு. சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

தினமும் ஏறியதும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கேபினில் ஒட்டியிருக்கிற படத்தை நம்பாதே. முறையை மாற்றுகிற வால்வு இல்லாத வண்டியில், லீவரின் அசைவைக் கடத்துகிற ஆயில் போக தளத்துக்கு அடியில் இருக்கிற மெல்லிய பைலட் ஹோஸ்களை மெக்கானிக் இடம் மாற்றிப் பூட்டிவிடுவான், ஸ்டிக்கரை மாற்ற மறந்துவிடுவான். சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்து ஹார்ன் அடி. என்ஜினை ஐடிலில் வைத்து, பக்கெட்டைத் தரையை விட்டு ஓரடி தூக்கு. அதைத் தூக்குகிற முதல் அசைவிலேயே பாதி பதில் கிடைத்துவிடும். பிறகு ஒவ்வொரு லீவரையும் ஒவ்வொரு பக்கமாக, விரல் நுனியால் தொடுகிற மாதிரி கொஞ்சமாக அசை. கையைப் பார்க்காதே, பக்கெட்டைப் பார். "இடது, பூம். வலது, ஆர்ம்" என்று வாய்விட்டுச் சொல். வாயால் சொன்னது கொஞ்ச நேரம் கையில் நிற்கும். மதியம் சாப்பிட்டு வந்து ஏறும்போதும் இதையே செய். காலையில் உஷாராக இருந்தவன்தான் மதியம் கோட்டை விடுவான்.

இப்போது வால்வு. நிறைய வண்டிகளில் முறையை மாற்றிக்கொள்ள ஒரு வால்வும் அதைத் திருப்ப ஒரு சின்ன லீவரும் வைத்திருப்பார்கள். சீட்டுக்குப் பின்னால் இருக்கலாம், கால் வைக்கிற தகட்டுக்கு அடியில் இருக்கலாம், பக்கவாட்டுக் கதவுக்குள் இருக்கலாம். அது பைலட் ஆயில் போகிற வழியைத்தான் மாற்றிவிடுகிறது, பம்ப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புது கேட்டர்பில்லர் வண்டிகளில் மானிட்டரிலேயே தட்டி மாற்றலாம், ஆளுக்கு ஒரு ஐடி போட்டு அவரவர் முறையை வைத்துக்கொள்ளலாம். லீவர் இருக்கிற வண்டி என்றால் பக்கெட்டைத் தரையில் வைத்து என்ஜினை நிறுத்திய பிறகுதான் தொட வேண்டும். முழுக்கத் தள்ளி போல்ட்டை இறுக்கிவிடு, நடுவில் தொங்கவிடாதே. உனக்கு வால்வு இருந்தால் ஐஎஸ்ஓவுக்கு மாற்றிக்கொள். "நல்ல ஆப்பரேட்டருக்கு எந்த முறையா இருந்தா என்ன" என்று அங்கே யாராவது நெஞ்சை நிமிர்த்துவார்கள். இங்கேயும் அந்த மாதிரி ஆட்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. சட்டை அளவுக்குத் தைப்பதில் என்ன வெட்கம்? ஆனால் அதே வண்டியை வேறு ஒருவரும் ஓட்டுகிறார் என்றால், இறங்கும்போது பழையபடி மாற்றிவை. ஃபோர்மேனிடமும் அந்த ஆளிடமும் வாயால் சொல், ஒரு அட்டையில் எழுதி லீவரிலும் மாட்டு. மாற்றிவிட்டுச் சொல்லாமல் போகிறவன்தான் பெரிய ஆபத்து.

மாற்ற முடியாத வண்டியாக இருந்தால் பழகத்தான் வேண்டும். பள்ளம் வெட்டிப் பழகாதே. மண் குவியலைக் கேட்டு வாங்கு. ஒரு பக்கமிருந்து அள்ளி இன்னொரு பக்கம் போடு, வேகம் வேண்டாம். லாரிக்கு லோடு போடுவது சீக்கிரம் வந்துவிடும், அதில் ஒவ்வொரு அசைவும் பெரிது, கண் முன்னால் நடக்கிறது. லெவல் இழுப்பதுதான் கடைசியில் வரும். ஆர்மை உள்ளே இழுக்க இழுக்கப் பூமைத் தடவித் தடவித் தூக்கினால்தான் பல் நேர்கோட்டில் வரும், இல்லாவிட்டால் தரை வயிறு மாதிரி குழியும். இந்த இரண்டு வேலையும்தான் கை மாறியிருக்கிறது. வலது கையில் இருந்த தடவல் இப்போது இடது கைக்கு வேண்டும், இடது கையில் இருந்த ஒரே சீரான இழுப்பு வலது கைக்கு வேண்டும். லெவல் கோணலாக வந்தால் கவலைப்படாதே, முடிக்கிறதை இன்னொருவரிடம் கொடுத்துவிடு. காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை என்று மட்டும் ஒரே நாளில் ஓட்டாதே. ஒரு நாளைக்கு ஒரு வண்டி கொடுங்கள் என்று ஃபோர்மேனிடம் தைரியமாகக் கேள்.

அங்கே கனடாவில், ஒன்டாரியோவில், தோண்டுவதற்கு முன்னால் ஒன் கால் என்கிற சேவையைக் கூப்பிட்டால் ஆள் வந்து மண்ணுக்கு அடியில் கேபிளும் பைப்பும் போகிற இடத்தில் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள் என்று சொன்னாய். மஞ்சள் கேஸ், சிவப்பு கரன்ட், நீலம் தண்ணீர், ஆரஞ்சு டெலிபோன். கோட்டுக்கு இரண்டு பக்கமும் 1 மீட்டருக்குள் கையால்தான் தோண்ட வேண்டும் என்றும் சொன்னாய். கேட்டு எனக்குப் பொறாமையாகவே இருந்தது. இங்கே கேபிள் எங்கே போகிறது என்பது வெட்டிய பிறகுதான் தெரியும். ஆனால் அந்தக் கோடு பழைய கைக்குப் போட்ட கணக்கு. புது முறை படிகிற வரைக்கும் நீ அந்த 1 மீட்டரோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொள். மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் போகிற வேலை என்றால் உனக்குக் கை வந்த வண்டியைக் கேள்.

குளிர் வேறு இருக்கிறது. அது நம்ம சேலத்து ஆளுக்குத் தெரியாத பாடம். ஆயில் கெட்டியாக இருக்கும்போது லீவரை அசைத்தால் உடனே வேலை நடக்காது. ஒன்றும் நடக்கவில்லையே, தப்பான லீவரோ என்று நினைத்து இன்னும் இழுப்பாய், அல்லது இன்னொன்றை இழுப்பாய். அதற்குள் முதல் அசைவு திடுக்கென்று வரும். வண்டி நன்றாகச் சூடாகிற வரைக்கும் முறை சோதிக்கிற வேலையையே வைத்துக்கொள்ளாதே, தப்பாகத்தான் தெரியும். கெட்டிக் கையுறையும் வேண்டாம், விரலுக்கு லீவர் தெரியாது.

ட்ராவல் பெடல் உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். கேபின் சுற்றிவிட்டால் முன் பின் மாறிவிடும். நகர்த்தும் முன் தலையை நீட்டி செயினை ஓட்டுகிற பல்சக்கரம், ஸ்ப்ராக்கெட், எந்தப் பக்கம் என்று பார். அது பின்னால் இருந்தால் முன்னே தள்ளினால் முன்னே போகும். முறை எதுவானாலும் இது மாறாது.

இங்கே பெரிய சேதி ஒன்றுமில்லை. ஏரித் தூர் வாருகிற வேலைக்கு நம்ம வண்டியைக் கேட்கிறார்கள், டீசல் விலைக்குக் கட்டுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். புதிதாக வந்திருக்கிற பையன் ஸ்விங்கை வேகமாக அடிக்கிறான், திட்டினால் சிரிக்கிறான். தங்கைக்குப் பரீட்சை நெருங்குகிறது. அம்மா பருப்புப் பொடியும் கருவேப்பிலைப் பொடியும் அரைத்து வைத்திருக்கிறாள், அட்ரஸ் மாறியிருந்தால் முன்னாடியே சொல். அவளுக்கு ஒரு தனி மெசேஜ் போட்டுவிடு, நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

நாளைக்கு வேலைக்குப் போனதும் சீட்டுக்குப் பின்னாலும் தகட்டுக்கு அடியிலும் பார்த்து, வால்வு இருந்தால் ஒரு போட்டோ அனுப்பு. இல்லை என்றாலும் இல்லை என்று எழுது. எந்த மாடல் என்றும் சேர்த்துப் போடு. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வரும்போது பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா