பூமியின் நிழலுக்கு அமாவாசையில் என்ன வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரச் சிறுவர் பக்கத்தில், 'அமாவாசையன்று பூமியின் நிழல் மறைப்பதால் நிலவு தெரிவதில்லை' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். என் பேத்தி அதைக் கத்தரித்து அறிவியல் நோட்டில் ஒட்டிவிட்டாள். தவறு என்றேன். "பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிட்டது, தாத்தா?" என்றாள்.

தாங்கள் அறியாததல்ல. அமாவாசையன்று நிலவு நிற்பது சூரியன் இருக்கும் திசையில். வெயில் படும் பக்கம் அந்தப் புறம், நமக்குக் காட்டுவது இருட்டு முதுகு. பூமியின் நிழல் விழுவதோ எதிர்த்திசையில். அதில் நிலவு சிக்கினால் சந்திர கிரகணம், அதுவும் பௌர்ணமியில்தான். பூமியின் பாதைக்கு நிலவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால் மாதந்தோறும் சிக்குவதில்லை. அரிக்கேன் விளக்கையும் கொய்யாப்பழத்தையும் வைத்துக்கொண்டு 31 ஆண்டுகள் நான் நடத்திய பாடம் இது.

இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. ஒன்று, தீபாவளி மலர்ச் சிறுகதை பற்றியது. தீபாவளி இரவில் மொட்டைமாடியில் பால்நிலா பொழிகிறது, நாயகி உருகுகிறாள். அமாவாசையை ஒட்டி வரும் பண்டிகைக்கு அந்த நிலாவை எங்கே வாடகைக்கு எடுத்தீர்கள்? மற்றொன்று தொடர்கதை ஓவியம்: நடுநிசியில், உச்சிவானில் மூன்றாம் பிறை! என் அம்மா அந்தி சாய்ந்ததும் மேற்கே பார்த்துக் கும்பிடுவார். பாத்திரம் கழுவிவிட்டு வந்தால் பிறை தென்னைக்குப் பின்னால் இறங்கியிருக்கும்.

2019 டிசம்பர் 26 அன்று, சூரியன் வளையமாகத் தெரிந்த கங்கண சூரிய கிரகணத்துக்கும் 'வெளியே வராதீர்கள்' என்றுதானே எழுதினீர்கள்? அன்று காலை ஒன்பதரை மணிவாக்கில், எங்கள் தெரு வேப்பமரத்தடியில் இலை இடுக்குகளின் வழியே விழுந்த ஒளிப்பொட்டுகள் அத்தனையும் வளையல்களாகத் தரையில் கிடந்தன. சூரியனை ஏறிட்டுப் பார்க்கவே வேண்டாம், தரையைப் பார்த்தால் போதும். பார்த்தது நானும் ஒரு நாயும். பிள்ளைகள் எல்லாம் கதவடைத்த வீட்டுக்குள். 1899-இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைந்த மாவட்டம் இது! ஆனால் குருப்பெயர்ச்சிக்கு மட்டும் தவறாமல் இணைப்பிதழ் தருகிறீர்கள். கிரகங்களின்மேல் தங்களுக்குப் பற்று இல்லை என்று யார் சொல்ல முடியும்?

வேறொன்றும் கேட்கவில்லை. அதே சிறுவர் பக்கத்தில், அதே அளவுக் கட்டத்தில், இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். பேத்தியின் நோட்டில் பழையதன்மேல் ஒட்ட வேண்டும். பசை வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்,
திண்டுக்கல்.