டன்னில் வரி, யூனிட்டில் விலை, லோடில் மணல்

தமிழ்நாடு அரசின் இயற்கை வளங்கள் துறைச் செயலாளருக்கும், புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆணையருக்கும்,

வணக்கம்.

கும்பகோணம் பக்கத்தில் வீடு கட்டிக் கொடுக்கும் சிறிய ஒப்பந்தக்காரன் நான். ஆண்டுக்கு நான்கைந்து வீடுகள், எப்போதாவது ஒரு கடை, ஒரு மாட்டுக் கொட்டகை. கொள்ளிடம் எங்களுக்குப் பக்கத்து ஆறு. ஆனால் ஆற்று மணலில் நான் பூசி முடித்த கடைசி வீடு எது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் அமலாக்கத் துறை மணல் குவாரிகளில் சோதனை நடத்திய பிறகு, எங்கள் பக்கம் ஆற்று மணல் லாரியைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. அதற்காக நான் அழவில்லை. ஆறு பிழைத்தால் நல்லது. இப்போது எங்கள் வேலை முழுவதும் புதுக்கோட்டை, பெரம்பலூர் பக்கத்து கிரஷர்களை, அதாவது கல் உடைக்கும் ஆலைகளை, நம்பி ஓடுகிறது. ஜல்லி, கல்லை அரைத்துச் செய்யும் மணலான எம்-சாண்ட், பூச்சுக்கான நைஸ் மணலான பி-சாண்ட் எல்லாம் அங்கிருந்துதான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை விடியற்காலை இரண்டு யூனிட் எம்-சாண்ட் வந்தது. கொட்டுவதற்கு முன் டிப்பரின் மேல் ஏறி மேட்டைத் தட்டிச் சமப்படுத்தச் சொல்லி, டேப்பைப் போட்டேன். நீளம் 12 அடி, அகலம் ஆறரை அடி. இரண்டு யூனிட் என்றால் 200 கன அடி. அதற்கு மணல் இரண்டு அடி ஏழு அங்குல உயரம் நிற்க வேண்டும். நின்றது இரண்டு அடி இரண்டு அங்குலம். கணக்குப் போட்டால் 169 கன அடி.

"வழியில் குலுங்கி அமர்ந்துவிட்டது, அண்ணே. ஏற்றும்போது கோபுரமாகத்தான் இருந்தது" என்றார் ஓட்டுநர். அவர் பொய் சொல்லவில்லை. ஈர மணல் உப்பிக்கொண்டு நிற்கும். ஐந்து, ஆறு விழுக்காடு ஈரம் இருந்தாலே கொள்ளளவு கால் பங்கு வரை கூடிக் காட்டும். கழுவிய கையோடு ஏற்றிய எம்-சாண்டை கன அடியில் விற்பது, சோப்பு நுரையைப் படியால் அளப்பது போன்றது. ஓட்டுநர் கிரஷரைக் கைகாட்டுகிறார். கிரஷர்காரர் "ஏற்றியது சரியாகத்தான் ஏற்றினோம்" என்கிறார். 31 கன அடிக்கான பணம் மட்டும் யாரிடமோ இருக்கிறது.

இது ஒரு லாரியின் சண்டை என்று நீங்கள் நினைக்கலாம். அதனால்தான் 2025 ஏப்ரலை நினைவூட்ட விரும்புகிறேன்.

2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கனிமம் உள்ள நிலத்துக்கு மாநிலங்கள் வரி போடலாம் என்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து நீங்கள் கொண்டுவந்த கனிம நில வரி 2025 ஏப்ரல் 4 முதல் நடைமுறைக்கு வந்தது. சாதாரணக் கல்லுக்கு டன்னுக்கு 90 ரூபாய். ஏப்ரல் 16-இல் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். எனக்கு அப்போது ஒரு வீடு கூரை மட்டத்தில் நின்றது. சென்ட்ரிங் பலகை அடித்து, சவுக்குக் கம்புகள் முட்டுக்கொடுத்து, கம்பி கட்டி முடித்து, ஜல்லிக்காகக் காத்திருந்தோம். பலகைக்கு நாள் வாடகை. பத்து நாட்களுக்கு மேல் அந்த வாடகை யார் தலையில் ஏறியது என்று சொல்லத் தேவையில்லை. பேச்சுவார்த்தைக்குப் பிறகு, வெட்டியெடுக்கும் கல்லுக்கு அரசு வாங்கும் சீனியரேஜ் தொகையை டன்னுக்கு 60 ரூபாயிலிருந்து 33 ரூபாயாகக் குறைத்தீர்கள். ஏற்றிய விலையில் யூனிட்டுக்கு ஆயிரம் ரூபாயைக் குறைக்க உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்று நாளிதழில் படித்தேன்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நூறு கன அடி ஜல்லி நான்கிலிருந்து நாலரை டன் எடை வரும். நாலரை என்றே வைத்துக்கொண்டாலும் 90 ரூபாய் வரி யூனிட்டுக்கு 405 ரூபாய்தான். பிறகு ஏன் ஆயிரம் ஏறியது? குவாரிக்காரர்களுக்கு டீசல், வெடிமருந்து, இயந்திரத் தேய்மானம் என்று வேறு செலவுகள் உண்டு. அவர்கள் எல்லோரையும் கொள்ளைக்காரர்கள் என்று எழுத நான் வரவில்லை. ஆனால் நீங்கள் டன்னில் வரி வாங்குகிறீர்கள், அவர்கள் யூனிட்டில் விற்கிறார்கள், எங்களுக்கு வந்து சேர்வது லோடு. மூன்று அளவுகளுக்கும் நடுவே உள்ள இருட்டில் எந்த விலையும் ஏறலாம். வாங்குகிறவன் டேப்பும் கையுமாக நின்றாலும் அவனால் எதையும் நிரூபிக்க முடியாது.

அளவு நிலையாக இருக்கும் பொருளில் இந்தத் தொல்லை இல்லை. சிமெண்ட் மூட்டை ஐம்பது கிலோ. 2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனபோது, மறுநாளே கடைக்காரரிடம் போய் உட்கார்ந்து பேச முடிந்தது: வரியோடு 320 ரூபாய் மூட்டைக்கு அடிப்படை விலை 250, ஆகவே இனி 295. அவர் முணுமுணுத்தார், ஆனால் மறுக்க முடியவில்லை. கம்பி கிலோ கணக்கு. 2022 மே மாதம் ஒன்றிய அரசு எஃகுக்கு 15 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டதும் விலை இறங்கியதை எங்கள் மேஸ்திரிகளே சொன்னார்கள்.

மரத்தையும் பாருங்கள். அது உங்கள் துறை இல்லை, தெரியும். 2014 ஏப்ரலில் மியான்மர் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திய பிறகு பர்மா தேக்கு என்பது பேச்சுக்கு மட்டும் மிஞ்சியது. கானாவிலிருந்தும் ஈக்வடாரிலிருந்தும் தோட்டத் தேக்கு வருகிறது. வெளிப்புற வெள்ளை மரம் அதிகம், உள்ளே வைரம் பாய்ந்த மரம் குறைவு. விலை கேட்டுவிட்டு, தலைவாசலுக்கு மட்டும் தேக்கு, மற்ற நிலைகளுக்கு வேம்பு, குளியலறைக்கு பிளாஸ்டிக் கதவு என்று முடிவு செய்யும் குடும்பங்கள்தான் இப்போது அதிகம். ஆனாலும் மரவாடியில் என்னை யாரும் ஏமாற்றியதில்லை. கயிறு போட்டுச் சுற்றளவைப் பிடிப்பார்கள், நாலால் வகுப்பார்கள், அதை அதனாலேயே பெருக்கி நீளத்தால் பெருக்குவார்கள். என் கண் முன்னால், சாக்கட்டியால், மரத்தின் மேலேயே எழுதுவார்கள். விலை கசக்கும், ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்பது தெரியும்.

இந்தக் குழப்பத்தில் அதிகம் அடிபடுகிறவர்கள் பங்களா கட்டுகிறவர்கள் அல்லர். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடிக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறீர்கள். சதுர அடிக்கு ஆயிரத்துக்கும் கீழே. வெளியே இரண்டாயிரத்துக்குக் குறைவாக நான் ஒப்பந்தம் எழுதி நாளாகிறது. அந்த வீட்டுக்காரம்மாவுக்கு முப்பது கன அடி பி-சாண்ட் குறைந்தால் அது ஒரு சுவரின் பூச்சு. அவர் டேப் எடுத்து அளப்பதில்லை. பூச்சு பாதியில் நிற்கும்போதுதான் தெரிகிறது. அப்போது பழி கொத்தனார் மேல் விழுகிறது.

எனவே நான் கேட்பது இதுதான். ஜல்லியும் எம்-சாண்டும் டன்னில் விற்கப்பட வேண்டும், எடை மேடைச் சீட்டோடு. ஈரத்தால் எடையும் கூடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடையில் அது சில விழுக்காடு, கொள்ளளவில் கால் பங்கு. அதோடு, குவாரி வாசல் விலை என்ன என்பதை மாவட்டவாரியாக வாரம் ஒருமுறை வெளியிடுங்கள். லாரி வாடகை தூரத்தைப் பொறுத்தது, அதை நாங்கள் பேசிக்கொள்கிறோம். விலையை நிர்ணயிக்கச் சொல்லவில்லை, எழுதி வைக்கத்தான் சொல்கிறேன். உழவர் சந்தை வாசலில் கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் அன்றன்றைய விலை எழுதிய பலகை 1999 முதல் இருக்கிறது. ஆயுளில் ஒருமுறை வாங்கும் ஜல்லிக்கு அப்படி ஒன்று ஏன் இருக்கக் கூடாது?

இதற்குப் புதிதாக அலுவலகம் எதுவும் திறக்க வேண்டியதில்லை. கனிமம் ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு லாரிக்கும் அனுமதிச் சீட்டான நடைச்சீட்டு நீங்கள்தான் தருகிறீர்கள். எந்தக் குவாரி, என்ன கனிமம், எவ்வளவு, எங்கே போகிறது என்பதெல்லாம் உங்கள் கணினியில் இருக்கிறது. அந்தச் சீட்டிலேயே விற்ற விலைக்கு ஒரு கட்டம் சேர்த்தால் போதும். வாங்குகிறவரின் கையில் ஒரு நகல் கட்டாயம் சேர வேண்டும். இப்போதெல்லாம் ஓட்டுநர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வழியில் யாராவது மறித்தால் காட்ட மட்டும் எடுக்கிறார். அந்த சனிக்கிழமை நான் கேட்டபோதும் "அது உங்களுக்கு எதற்கு, அண்ணே?" என்றார்.

வரும் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு எனக்கு ஒன்றரை இஞ்ச் ஜல்லி இரண்டு யூனிட் வருகிறது. உங்கள் மாவட்ட அலுவலகத்திலிருந்து யாராவது வந்தால் வேலையிடத்தில் டீ உண்டு. டேப்பின் மறுமுனையைப் பிடிக்கவும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
கும்பகோணம் வட்டத்துக் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர்