அந்தப் பதிலை இன்று போடாதே

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய பதிலை அப்பாவும் நானும் படித்தோம். உன் கொடைக்கானல் வீட்டில் தங்கிவிட்டு, காலையில் வெந்நீர் போதவில்லை என்று மூன்று ஸ்டார் கொடுத்தவருக்கு நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் போடாதே. நீ வீட்டை வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி தளத்தில் பதில் எழுத 30 நாள் இருக்கிறதே, இன்று ராத்திரியே என்ன அவசரம்?

"நாலு பேர் வரிசையாகக் குளித்தால் 15 லிட்டர் கீசரில் வெந்நீர் எப்படி வரும், இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறாய். அந்த மனிதர் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். திரும்ப வந்து அதைப் படிப்பாரோ மாட்டாரோ. படிக்கப்போவது, கைக்குழந்தையோடு கொடைக்கானல் வர நினைத்து, எந்த வீடு எடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் யாரோ ஒரு பெண். அவளுக்கு வெந்நீர் வருமா என்று தெரியவேண்டும். குறை சொன்னால் இந்த வீட்டுக்காரி சண்டைக்கு வருவாளா என்றும் தெரியவேண்டும். இரண்டாவது கேள்விக்கு உன் பதிலே போதும்!

நான் என்றால் இப்படி எழுதுவேன்: "காலையில் வெந்நீர் போதாமல் சிரமப்பட்டதற்கு வருந்துகிறோம். கீசர் சிறியது, ஒருவர் குளித்தபின் மறுபடி சூடாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதை அறையில் எழுதி வைத்துவிட்டோம். பெரிய கீசருக்கும் சொல்லியிருக்கிறோம்." அவ்வளவு போதும். ஆனால் கீசருக்கு நிஜமாகவே சொல்லிவிட்டு எழுது. இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் அதையும் சேர்த்து எழுதுவார்.

அவர்கள் தோட்டத்தில் பாட்டில் போட்டுவிட்டுப் போனதை இதில் இழுக்காதே. அதை அவர்களைப் பற்றி நீ எழுதும் விமர்சனத்தில் சொல்லியிருக்க வேண்டும், அதற்குத்தான் 14 நாள் தருகிறார்கள். இப்போது சொன்னால் பழிக்குப் பழி போலத்தான் தெரியும்.

மலைக்கு வரும் வண்டிக்கு இ-பாஸ் கேட்கிறார்கள் என்று ஒருவர் உனக்கு ஸ்டார் குறைத்தாரே, அதைப் படித்துச் சிரித்தேவிட்டேன். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே முதல் இருப்பது, நீயா போட்டாய்? அங்கேயும் முறைக்காமல், புக் செய்ததும் இ-பாஸுக்கான லிங்க்கை அனுப்பிவிடுகிறோம் என்று ஒரு வரி போடு. பனிமூட்டத்தில் பள்ளத்தாக்கே தெரியவில்லை என்றவர் சொன்னதில் மட்டும் நியாயம் இருக்கிறது. நீ போட்டிருக்கும் படமெல்லாம் வெயில் நாளில் எடுத்தவை. மூட்டமான நாளில் எடுத்த ஒன்றையும் சேர்த்துவிடு.

ஐந்து ஸ்டார்காரர்களுக்கு எல்லாம் ஒரே "நன்றி, மீண்டும் வருக" ஒட்டியிருக்கிறாய், ஊர் எல்லையில் இருக்கும் போர்டு மாதிரி. பக்கத்துப் பூம்பாறை கிராமத்துக்குப் போக வழி கேட்டவரிடம், போய் வந்தீர்களா என்றாவது கேட்டிருக்கலாம்.

நல்ல வீட்டுக்காரர்களுக்கு ஏர்பிஎன்பி தரும் சூப்பர்ஹோஸ்ட் பட்டத்துக்குச் சராசரி 4.8 ஸ்டார் வேண்டும் என்ற உன் கவலை புரிகிறது. அதற்காகப் பணம் திருப்பித் தருகிறேன், ஸ்டாரை மாற்றுங்கள் என்று யாரிடமும் கேட்டுவிடாதே. அது அவர்கள் விதிப்படியே தப்பு.

சரி, அப்பா 25 லிட்டர் கீசர் விலை விசாரித்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் செய், பேசிக்கொள்வோம். யாராவது கீழே வந்தால் மலைப்பூண்டு அரைக் கிலோ கொடுத்துவிடு.

அம்மா