சாப்பாடு நாடகத்துக்குப் பிறகு இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நல்ல உணவகம் ஒன்றில் இரவு உணவை முடித்துக்கொண்டு, சிற்றரங்கில் ராக் இசை நாடகம் பார்த்து வீடு திரும்பும் மாலைப் பொழுதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அதிகம் பேசப்படாத இந்தக் கலைக்கு இரண்டு பக்கங்கள் ஒதுக்கியதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் முதலில் சாப்பாடு, பிறகு நாடகம் என்று நீங்கள் தந்திருக்கும் வரிசையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நாடகம்தான் முதலில் வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எட்டு மணி நாடகத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஆறரை மணிக்கே உணவகத்துக்கு வந்துவிடுவதால் சமையலறை திணறுகிறது. சாப்பிடுகிறவரோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவசரமாக விழுங்குகிறார். பில் வருவதற்குள் ஏழே முக்கால் ஆகிவிடுகிறது. சமைத்தவருக்கும் இது நியாயமில்லை, சாப்பிட்டவருக்கும் திருப்தியில்லை.

பெரிய அரங்கில் ஒருவர் தாமதமாக வந்தால் பின்வரிசையில் இருட்டோடு இருட்டாக அமர்ந்துவிடலாம். சிற்றரங்கில் அதற்கு வழியே இல்லை. லண்டன் ராயல் கோர்ட் அரங்கின் மாடியில் 1973 ஜூன் மாதம் ‘தி ராக்கி ஹாரர் ஷோ’ என்ற ராக் இசை நாடகம் முதன்முதலில் மேடையேறியபோது அங்கே இருந்தவை 63 இருக்கைகள். அவ்வளவு சிறிய அறையில் ஒவ்வொரு பார்வையாளரும் ஏறத்தாழ மேடையிலேயே இருக்கிறார். அண்மையில் நான் பார்த்த நாடகத்தில் இரண்டாவது பாட்டு நடந்துகொண்டிருந்தபோது, சாப்பிட்டுவிட்டு வந்த இருவர் கைப்பேசி வெளிச்சத்தில் தங்கள் இருக்கையைத் தேடிக்கொண்டு, பாடிக்கொண்டிருந்த பெண்ணுக்கும் பேஸ் கிடார் வாசிப்பவருக்கும் நடுவே குறுக்காக நடந்தார்கள். அவர்கள் தடுக்கி விழாமலிருக்க அந்தப் பெண் பாட்டை நிறுத்தாமலே தன் மைக் வயரைக் காலால் ஒதுக்கிவிட்டார். அவருடைய பண்பு பெரிது. ஆனாலும் அந்தப் பாட்டு அதன்பின் அறையில் ஒட்டவில்லை.

இதில் தவறிப்போவது ஒரு பாட்டு மட்டுமன்று என்பதையும் சொல்ல வேண்டும். ராக் இசை நாடகத்தில் கதை பெரும்பாலும் பாட்டு வரிகளிலேயே நகர்கிறது. சிறிய அறையில் டிரம்ஸ் ஓசை ஒலிபெருக்கி இல்லாமலே சுவரை அதிரவைக்கும் என்பதால், அதற்கு மேல் குரலைத் தூக்கிக் காட்ட ஒலியமைப்பு மேசையில் இருப்பவர் படாதபாடு படுகிறார். சில குழுக்கள் டிரம்ஸைச் சுற்றிக் கண்ணாடி போன்ற தடுப்பு வைத்துச் சமாளிக்கின்றன. அப்படியிருந்தும் அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து சொற்களைப் பிரித்தெடுக்க நம் காதுக்கு முதல் சில நிமிடங்கள் தேவைப்படுகின்றன. 1998-ல் நியூயார்க்கில் ஜேன் தெருவில் அப்போது இருந்த சிற்றரங்கில் தொடங்கிய ‘ஹெட்விக் அண்ட் தி ஆங்ரி இஞ்ச்’ போன்ற நாடகங்களில் இடைவேளையே கிடையாது. பாடகி ஒருவர் தம் இசைக்குழுவுடன் நின்று, பாட்டுக்கிடையே தம் வாழ்க்கைக் கதையைச் சொல்வதே முழு நாடகமும். தொடக்கத்தைத் தவறவிட்டவர் அங்கே யாரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்?

வயிறு நிறையச் சாப்பிட்டவருக்கு இந்த இசை பொருந்தவும் பொருந்தாது. ‘ரென்ட்’ என்ற ராக் இசை நாடகத்தை எழுதி இசையமைத்த ஜோனத்தன் லார்சன், பல ஆண்டுகள் ஓர் உணவகத்தில் பரிமாறுபவராக வேலை பார்த்தவர். 1996 ஜனவரி 25 அன்று, அந்த நாடகம் முதன்முதலில் பார்வையாளர்கள் முன் நடக்கவிருந்த நாளின் அதிகாலையில், அவர் இறந்துபோனார். நடிகர்கள் அன்றிரவு அவருடைய குடும்பத்தாருக்காகவும் நண்பர்களுக்காகவும் உட்கார்ந்தபடியே பாடிவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தார்கள். ஆனால் முதல் பாதி முடிவதற்குள் உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்துவிட்டார்கள். இரண்டாம் பாதியை முழுமையாகவே நடித்தார்கள். சிறிய அரங்கில் தொடங்கிய அந்த நாடகம் அதே ஆண்டு ஏப்ரலில் நியூயார்க்கின் பெரிய அரங்குகள் உள்ள பிராட்வேக்குப் போய் 2008 வரை ஓடியது. துக்கத்தில் இருந்த நடிகர்களையே எழுப்பி நிறுத்திய இசையை, பார்க்கிறவர் உண்ட மயக்கத்தில் கண் செருகியபடி கேட்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

அரங்கைவிட்டு வெளியே வரும்போது காதில் ரீங்காரமும் மனத்தில் நூறு கேள்விகளும் இருக்கும். அந்தப் பாத்திரம் ஏன் அப்படிப் பாடியது, கடைசிப் பாட்டில் கிடார் ஏன் சட்டென்று நின்றது என்றெல்லாம் பேச அப்போதுதான் ஒரு மேசை வேண்டும், எதிரே ஒரு முகம் வேண்டும், அவசரமில்லாத சாப்பாடு வேண்டும். முன்னதாகவே சாப்பிட்டு முடித்தவர்கள் வாகன நிறுத்தத்திலேயே பிரிந்துவிடுகிறார்கள்.

நேரத்துக்குச் சாப்பிட்டே ஆகவேண்டிய முதியவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இருக்கிறார்கள். அவர்கள் மாலையில் சிற்றுண்டியாக ஏதேனும் எடுத்துக்கொண்டு வரலாம். இரவு பத்து மணிக்குமேல் அடுப்பை அணைத்துவிடும் உணவகங்கள்தான் உண்மையான இடர். நாடகம் முடியும் நேரத்தை அரங்கத்தார் முன்கூட்டியே அருகிலுள்ள உணவகங்களுக்குத் தெரிவித்தால், நாற்பது ஐம்பது பேர் வருவார்கள் என்ற நம்பிக்கையில் அவர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைக்கக்கூடும்.

தங்கள் இதழில் இனி இத்தகைய நாடகங்களைப் பற்றி எழுதும்போது, நாடகம் எவ்வளவு நேரம் ஓடும், இடைவேளை உண்டா, தாமதமாக வருவோரை உள்ளே விடுவார்களா, முடிந்தபின் அருகில் எங்கே சாப்பாடு கிடைக்கும் என்ற விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்