செப்டிக் டேங்க் கழிவை எடுத்த லாரி எங்க போய் கொட்டுது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

சின்னப் பேரூராட்சிக்கெல்லாம் பாதாள சாக்கடை வேணும்னு நம்ம பத்திரிகையில போன வாரம் வந்த கட்டுரையைப் படிச்சேன். ஆசை நல்ல ஆசைதான், ஆனா குழாய்ல கழிவு ஓடணும்னா முதல்ல தண்ணி வேணுமே சார். பாதாள சாக்கடை இருக்கிற ஊருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், இல்லாத ஊருக்கு 70 லிட்டர்னுதான் அரசாங்கமே கணக்கு வெச்சிருக்கு. எங்க ஊர்ல அந்த 70-க்கே தெருக்குழாய்ல குடத்தை வரிசையா வெச்சுட்டு நிக்கிறோம், இதுல மேன்ஹோல் கட்டுனா அடைச்சுக்கிட்டுத்தான் நிக்கும், அப்புறம் உள்ள இறங்க எந்த வீட்டுப் பிள்ளையையாவது கூப்பிடுவாங்க, அப்படி ஆளை இறக்கக் கூடாதுன்னு 2013-லயே சட்டம் போட்டும் அது இன்னும் நின்னபாடில்ல.

ஊர் பேரு வேண்டாம், மதுரைப் பக்கம் ஒரு பேரூராட்சின்னு வெச்சுக்கோங்க. இங்க செப்டிக் டேங்க்னு சொல்றதுல நிறைய, டேங்கே கிடையாது, நாலஞ்சு சிமெண்ட் உறையை இறக்கி மேல மூடி போட்டதுதான், அடியில பூச்சு கூட இருக்காது. ஒழுங்கா டேங்க் கட்டுன வீட்லயும் உறிஞ்சுகுழிக்கு இடமில்லைன்னு ஒரு பிவிசி பைப்பைப் போட்டு தெருச் சாக்கடையில விட்டுடறாங்க, சாக்கடை நேரா கண்மாய்க்கு. அந்தத் தண்ணி பார்க்க தெளிவாத்தான் இருக்கும், கிருமி அப்படியே இருக்கும், அது புரியாம அதுலயே கீரைப்பாத்திக்குப் பாய்ச்சறவங்களும் இருக்காங்க.

சரி, லாரி விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை டேங்க்ல சேர்ந்த கசடை எடுத்துடணும், நம்மாளுங்க தண்ணி எதுத்துக்கிட்டு வந்தாத்தான் போன் போடுவாங்க. லாரி வந்து ஓஸை விட்டு உறிஞ்சிட்டு காசை வாங்கிட்டுப் போயிடும். சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது பக்கத்து நகராட்சியில, போயிட்டு வர டீசலுக்கே பாதிக் காசு போயிடும், ஓடைப் பாலத்துக்கிட்ட லைட்டை அணைச்சுட்டு வால்வைத் திறந்துவிட்டா அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சுது. காலையில போய்ப் பார்த்தா கோரைப்புல்லு மேல கருப்பா படிஞ்சிருக்கும், ஆடு கூட வாய் வைக்காது.

கண்ட இடத்துல கொட்டுனா முதல் தடவை 25,000, அடுத்து 50,000 அபராதம்னு விதி இருக்கு, லைசென்ஸும் வேணும். ஆனா ராத்திரி பாலத்துக்கிட்ட யார் போய் நிக்கிறது? டிரைவரை மட்டும் திட்டி பிரயோஜனமில்ல, அவருக்குக் காசு கிடைக்கிறது எடுக்கிறதுக்கு, கொண்டு சேர்க்கிறதுக்கு இல்ல, கோளாறே அங்கதான் இருக்கு. மகாராஷ்டிராவுல வாய், சின்னர்னு ரெண்டு சின்ன ஊர்ல இதைத் திருப்பிப் போட்டாங்க, மூணு வருஷத்துக்கு ஒரு முறை எல்லா வீட்லயும் வரிசையா எடுக்கணும், வீட்டுக்காரர் லாரிக்குத் தனியா காசு தரவேண்டாம், வரிப்பணத்துல நகராட்சியே காண்ட்ராக்டருக்குக் கொடுக்கும், அதுவும் சுத்திகரிப்பு பிளாண்ட்ல போய் இறக்கினாத்தான் பணம்.

பிளாண்ட்டும் மலைப்பான விஷயம் இல்ல. செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழி பேரூராட்சியில 2017-லயே தமிழ்நாட்டோட முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்துடுச்சு. மணலும் ஜல்லியும் பரப்புன படுகையில கசடைக் காய விடறாங்க, வடியற தண்ணி செடி வெச்ச ஜல்லி வழியா போய் தெளியுது, பக்கத்து மதுராந்தகத்து லாரியும் அங்கதான் போகுது. மழைக்காலத்துல காயறதுக்கு லேட் ஆகும், அதுக்குத்தான் மேல ஷீட் போடணும்.

உங்க நிருபர் யாராவது எங்க பக்கம் வந்தா ஒண்ணு பண்ணச் சொல்லுங்க. லாரி ஓனர்ங்ககிட்ட மாசம் எத்தனை லோடு எடுத்தீங்கன்னு கேட்டு எழுதிக்கட்டும், பிளாண்ட் கேட்ல இருக்கிற நோட்டுல எத்தனை லோடு ஏறியிருக்குன்னும் பார்க்கட்டும், ரெண்டு நம்பரையும் அப்படியே பத்திரிகையில போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை மாவட்டம்