ஆசிரியருக்குக் கடிதம்: சாப்ளினும் சாப்பாட்டுச் சங்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய நகைச்சுவைப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், சார்லி சாப்ளின் ஏழ்மையைச் சிரிப்பாக்கிக் காசு பார்த்தவர் என்றும், ‘மாடர்ன் டைம்ஸ்’ இயந்திரத்தையே வெறுத்த ஒருவர் எடுத்த படம் என்றும் எழுதப்பட்டிருந்தது. பம்பு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் 31 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த இரண்டு கருத்துகளும் எனக்கு ஏற்புடையனவாக இல்லை.

1936-இல் வெளிவந்த அந்தப் படத்தில் சாப்ளினுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, இரண்டு கைகளிலும் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு, நகரும் பெல்ட்டில் வரும் தகடுகளின் நட்டுகளை முறுக்கிக்கொண்டே இருப்பது. அக்குளைச் சொறிய ஒரு விநாடி எடுத்தாலும் தகடு தாண்டிப் போய்விடும். அதைத் துரத்திக்கொண்டு, பக்கத்தில் சுத்தியலோடு நிற்பவரின் இடத்துக்குள் புகுந்தாக வேண்டும். மாற்றாள் வந்து அவர் நகர்ந்த பிறகும் தோளும் முழங்கையும் நட்டு முறுக்குவதை நிறுத்துவதில்லை. அந்த உதறலோடு சக தொழிலாளியின் சூப்புக் கிண்ணத்தை எடுத்துக் கொடுக்கப்போய் அவர்மேலேயே கொட்டிவிடுகிறார். எல்லோரும் சிரிக்கிற இடம். ஷிப்டு முடிந்து பேருந்துக் கம்பியைப் பிடிக்கையில் விரல்கள் தாமாக மடங்குவதை அறிந்த எனக்கோ, இந்த மனிதர் இதை எங்கே பார்த்தார் என்பதே முதல் கேள்வியாக இருந்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத் தொழிற்சாலைகளுக்கு நல்ல உடற்கட்டோடு போன கிராமத்துப் பையன்கள், பெல்ட்டில் நான்கைந்து ஆண்டுகள் நின்றதும் நரம்புத் தளர்ச்சிக்கு ஆளானதாக ஒரு பத்திரிகையாளர் சொல்லக் கேட்டதைத் தம் சுயசரிதையில் அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

இயந்திர வெறுப்பு என்பதும் சரியல்ல. படத்தில் பெல்ட் தானாக வேகமெடுப்பதில்லை. முதலாளி தம் அறையில் அட்டைத் துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் புதிரை விளையாடிக்கொண்டும், செய்தித்தாள் புரட்டிக்கொண்டும் இருக்கிறார். நடுநடுவே தொழிற்சாலைக்குள் இருக்கும் திரையில் தோன்றி, இன்ன பிரிவில் வேகத்தைக் கூட்டு என்று உத்தரவிடுகிறார். கழிவறையில் சிகரெட் பற்றவைத்தாலும் சுவரில் அவர் முகம் வந்துவிடுகிறது. (கட்டுரையாளர் இதை மௌனப்படம் என்கிறார். முதலாளியின் குரல் கேட்கத்தான் செய்கிறது, ஆனால் இயந்திரம் வழியாக மட்டுமே.) ஃபோர்டு ஆலையில் 1913-இல் நகரும் பெல்ட் வந்தபோது, ஒரு கார் அடிச்சட்டத்தைப் பூட்ட ஆன பன்னிரண்டரை மணி நேரம் ஏறக்குறைய ஒன்றரை மணியாகக் குறைந்தது. மிச்சமான நேரம் யாருக்குப் போனது என்பதுதான் படத்தின் வழக்கு. 1931-இல் லண்டனில் காந்தியைச் சந்தித்தபோதுகூட, இயந்திரத்தை நல்லவிதமாகப் பயன்படுத்தினால் மனிதனின் வேலை நேரம் குறையுமே என்று இயந்திரத்தின் பக்கம் நின்று பேசியவர் சாப்ளின்தான்.

ஏழு வயதில் லண்டனின் லாம்பெத் ஏழையர் விடுதிக்குத் தாயோடு போய்ச் சேர்ந்த பிள்ளை அவர். அதனால்தான் படத்தில் ஒரு கடையில் புகுந்த திருடர்களில் ஒருவன் பழைய தொழிற்சாலைக் கூட்டாளியாக இருப்பதும், ‘நாங்கள் திருடர்கள் இல்லை, பசிக்கிறது’ என்று அவன் சொல்வதும் ஒட்டவைத்ததாகத் தெரியவில்லை. 1933-இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை கிடையாது. படத்தில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அதில் வரும் வேலைநிறுத்தம் எதற்காக என்பதை அது விளக்காமலே கடந்துபோகிறது.

சோறூட்டும் இயந்திரக் காட்சியைக் கட்டுரையாளர் வெறும் கோமாளித்தனம் என்று தள்ளியிருப்பதுதான் எனக்கு வருத்தம். உணவு இடைவேளையையே ஒழித்துவிடலாம் என்று சொல்லித்தான் அதை விற்க வருகிறார்கள். பழுது பார்ப்பவர் தட்டில் வைத்த இரும்பு நட்டுகளையும் சேர்த்து அது சாப்ளின் வாயில் திணிக்கிறது. முதலாளி அதை வேண்டாம் என்பது அந்த மனிதன் பட்ட பாட்டுக்காக அல்ல, நடைமுறைக்கு உதவாது என்பதற்காக. பிற்பாதியில் இதற்கு ஜோடியாக இன்னொரு சாப்பாட்டுக் காட்சி உண்டு. மூத்த மெக்கானிக் ஒருவர் பல்சக்கரங்களுக்குள் மாட்டி, தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கையில் சாப்பாட்டுச் சங்கு ஊதுகிறது. இயந்திரம் நின்றுவிடுகிறது, இடைவேளை முடியும்வரை அவரை வெளியே எடுக்க வழியில்லை. சாப்ளின் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முட்டையை ஊட்டி, ஒரு முழுக் கோழியையே புனலாக வைத்துக் காப்பியை அவர் வாயில் ஊற்றுகிறார். அந்தக் காட்சியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
கோயம்புத்தூர்.