ஒளிஞ்சிருந்தவங்களை விட்டுட்டு டாக்டரம்மாவை ஏன் திட்டணும்?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வேற்றுகிரக கதைகள் பத்தின கட்டுரை படிச்சேன், நல்லாதான் இருந்துச்சு, ஆனா ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன்ங்கிற அமெரிக்க விண்வெளி டிவி தொடர்ல 1989ல வந்த மின்டாக்கா கிரகத்து எபிசோட் பத்தி எழுதின இடத்துல மட்டும் எனக்கு மனசு ஆறல. அடுத்தவங்க வளர்ச்சியில தலையிடக்கூடாதுங்கிற சட்டத்தை விண்வெளிக்கப்பல் டாக்டரம்மா மீறினதாலதான் அத்தனை வினையும்னு கட்டுரையாளர் எழுதிட்டாரு. அது நியாயமே இல்ல சார்.

நடந்தது என்ன? அந்த கிரகத்து ஜனங்க வெண்கல காலத்துல இருக்காங்க, சாமி பூதம்லாம் எப்பவோ விட்டுட்டு சூரிய நிழலை வச்சு மணி பாத்துக்கிட்டு அவங்கபாட்டுக்கு இருக்காங்க. மேல இருந்து வந்த ஆராய்ச்சிக்காரங்க மூணு பேர் மலையை குடைஞ்சு உள்ள உக்காந்து, வெளிய பாறை மாதிரி ஒரு ஹோலோகிராமை, அதாவது ஒளியால செஞ்ச பொய்த்தோற்றத்தை போட்டுக்கிட்டு அவங்களை பாத்துக்கிட்டே இருந்திருக்காங்க. ரியாக்டர் கெட்டுப்போய் வெடிச்சுது, பாறை மறைஞ்சுது, என்னடா இதுன்னு லிகோன்னு ஒரு ஆளு ஏறி வந்து எட்டிப்பாத்தான், ஷாக் அடிச்சு கீழ விழுந்து சாகக்கிடந்தான். டாக்டரம்மா அவனை கப்பலுக்கு தூக்கிட்டுப்போய் காப்பாத்துனாங்க. கேப்டன் பிக்கார்ட் கேக்குறாரு, ஏன் சாகவிடலன்னு! அடிபட்டதே நம்மாலதானேன்னு அந்தம்மா சொன்ன பதில்தான் மொத்த எபிசோட்லயும் எனக்கு புடிச்ச இடம், அதை உங்க கட்டுரையாளர் எழுதவே இல்ல.

அப்புறம் லிகோ ஊருக்குள்ள போய் பிக்கார்டை சாமின்னு சொல்லி, செத்துப்போன பொண்டாட்டியை திருப்பிக்குடுன்னு கேட்டு, கடைசியில அம்பு விட்டு அவர் ரத்தத்தை பாத்தப்புறம்தான் தெளிஞ்சான். இதுல ஆராய்ச்சிக்குழு தலைவர் குடுத்த யோசனையை கேளுங்க, எப்படியும் சாமி ஆயிட்டீங்க, அப்ப நல்ல கட்டளையா நாலு சொல்லிட்டு வந்துடுங்கன்னாரு. நல்லவேளை பிக்கார்ட் ஒத்துக்கல, அந்த ஒரு விஷயத்துல அவரை நானும் பாராட்டுறேன்.

ஆனா தலையீடு ஆரம்பிச்சது டாக்டரம்மா கையிலயா? மலையை குடைஞ்ச அன்னிக்கே ஆரம்பிச்சாச்சு. தெரியாம பாத்தா தலையிடலன்னு அர்த்தமா என்ன, நம்ம வீட்டு ஜன்னல்ல ஒருத்தன் ஒளிஞ்சு நின்னு வருஷக்கணக்கா நோட்டு எழுதிக்கிட்டிருந்தா சும்மா விடுவோமா?

நம்ம நாட்டுலயே அந்தமான்ல, வெளியாளுங்களை அண்டவிடாத பழங்குடிங்க வாழற வடக்கு சென்டினல் தீவு இருக்கே. பழங்குடிகளை பாதுகாக்க 1956லயே சட்டம் வந்துருச்சு, இப்ப யாரும் கிட்ட போகக்கூடாது. 2004 சுனாமி முடிஞ்சு இருக்காங்களா இல்லையான்னு பாக்க ஹெலிகாப்டர் போனப்ப ஒருத்தர் வில்லை தூக்கி அம்பு விட்டாரு, அந்த போட்டோவை எல்லாரும் பாத்திருப்பீங்க. நாம வர்றது அவங்க கண்ணுக்கு தெரியுது, போடான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட முடியுது. மின்டாக்கா ஜனங்களுக்கு அதுக்கு வழியே இல்லாம பண்ணிட்டாங்கல்ல, அதுதான் எனக்கு பெரிய தப்பா தெரியுது.

இன்னொன்னு, மின்டாக்கா சும்மா கற்பனை பேருன்னு போட்டிருந்தீங்க. அது நிஜ நட்சத்திரம் சார், ஓரியன்ங்கிற வேட்டைக்காரன் நட்சத்திர மண்டலத்தோட இடுப்புல வரிசையா மூணு மின்னுதே அதுல மேற்கு ஓரத்துல இருக்கறது. தனி நட்சத்திரம் கூட இல்ல, ஒரு கூட்டமே. அதுல பெருசு ரொம்ப சூடான ரகம், அந்த மாதிரி நட்சத்திரமெல்லாம் சில கோடி வருஷம் கூட தாங்காது, அங்க எங்க போய் மனுஷங்க வெண்கலம் உருக்குற அளவுக்கு வளர்றது, ஆனா கதைக்கு அதெல்லாம் பாக்கக்கூடாது, விடுங்க.

டாக்டரம்மா விஷயத்தையும் இந்த பேர் விஷயத்தையும் அடுத்த வார இணைப்புல ஒரு ஓரமா திருத்தி போட்டா சந்தோஷம்.

இப்படிக்கு,
பல வருஷத்து வாசகன், தஞ்சாவூர்